மௌனமும் சம்மதமும்

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று வடமொழி வழியாக வந்து தமிழில் பழமொழியாகவே நிலைத்துவிட்ட வாசகம் ஒன்று உண்டு. கல்யாணப் பேச்சு நடக்கும் கூடத்திலும், பாகப்பிரிவினை பேசும் திண்ணையிலும், பஞ்சாயத்து கூடும் மரத்தடியிலும், தலைகுனிந்து பேசாதிருக்கும் ஒருவரைச் சுட்டி வேறொருவர் இதைச் சொல்லக் கேட்டிராத தமிழர் இருக்கமாட்டார். சொல்பவர் யார், யாரைக் குறித்துச் சொல்கிறார் என்று சற்றே கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். கடன் கொடுத்தவருடைய மௌனத்தைப் பார்த்து, வட்டி தள்ளுபடிக்கு அவர் சம்மதித்துவிட்டார் என்று கடன் வாங்கியவர் ஒருநாளும் சொன்னதில்லை. மாமியாரின் மௌனத்துக்கு மருமகள் இந்தப் பழமொழியை உபயோகித்ததில்லை. மேலதிகாரி விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால், சம்மதம் கிடைத்துவிட்டது என்று எந்தக் குமாஸ்தாவும் ஊருக்கு ரயிலேறியதில்லை. மேலே இருப்பவர் மௌனம் சாதித்தால் அது கோபம். கீழே இருப்பவர் மௌனமாக இருந்தால் அது சம்மதம். சம்மதம் என்ற சொல்லின்மேல் இவ்வாறு ஏறி அமர்ந்துகொண்ட மௌனத்தைப் பிரித்தெடுக்க நம் நாட்டுச் சட்டம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறது என்பதும், அந்த முயற்சி வீட்டு வாசற்படியில் வந்து நின்றுவிட்டது என்பதும் என் அபிப்பிராயம்.

சொல்லைப் பார்த்தால் அதில் மௌனத்துக்கு இடமே இல்லை. சம்மதத்தில் உள்ள மதம் என்பது இன்று சமயத்தை மட்டும் குறிக்கும் சொல்லாக ஒடுங்கிவிட்டதாயினும், பழைய வழக்கில் அது கொள்கை, கருத்து என்றே பொருள்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூல் செய்பவன் கைக்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்று வகுக்கும்போது, முதலில் உடன்படலை வைத்து, இடைவெளியே விடாமல் மறுத்தலை அதன் பக்கத்தில் வைத்தார். மறுக்க இடமுள்ளவன் உடன்பட்டால்தான் அந்த உடன்பாட்டுக்கு ஒரு பெறுமானம் உண்டு என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அதே நூல் விடைகளை எட்டாகப் பகுக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பரீட்சைக்காக அவற்றை நெட்டுருப் போடுகிறார்கள். சுட்டிச் சொல்வது, மறுத்துச் சொல்வது, நேர்ந்து சொல்வது ஆகிய மூன்றும் வெளிப்படையானவை. எஞ்சிய ஐந்தும் சுற்றி வளைத்துச் சொல்பவை. ஒன்றைச் செய்வாயா என்று கேட்டால், நீயே செய் என்பது ஒன்று; செய்யாமல் இருப்பேனா என்று எதிர்வினா விடுவது ஒன்று; உடம்பு வலித்தது என்று உற்றதை உரைப்பதும், வலிக்கும் என்று உறுவதைக் கூறுவதும், ஆடுவாயா என்றால் பாடுவேன் என்று இனமான வேறொன்றைச் சொல்வதும் மற்றவை. இந்த ஐந்தில் எதிர்வினா ஒன்றுதான் சம்மதம். மற்ற நான்கும் மரியாதை குலையாத மறுப்புகள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லக் கூசும் சமூகத்தில் மறுப்பு எத்தனை வேஷத்தில் வரும் என்பதை அந்தச் சமண முனிவர் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார். எட்டில் ஓரிடத்திலும் அவர் மௌனத்தை விடையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பேசாமலே உள்ளம் அறிவதுதானே நம் பண்பாடு, திருக்குறளே குறிப்பறிதல் என்ற தலைப்பில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமுமாக இரண்டு வைத்திருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முன்னதில் குறிப்பை அறியவேண்டியவன் அரசனை அடுத்து நிற்கும் அமைச்சன். பின்னதில் காதலியின் பார்வையில் தன் விதியைத் தேடி நிற்கும் காதலன். இருவரும் எதிரே இருப்பவருடைய இஷ்டத்தை அறியாமல் ஓரடியும் எடுத்துவைக்க இயலாதவர்கள். தவறாக அறிந்தால் நஷ்டம் அறிந்தவனுக்கே. பிறருடைய மௌனத்துக்குத் தனக்குச் சாதகமாகப் பொருள் செய்து, அந்தப் பொருளின் லாபத்தையும் தானே எடுத்துக்கொள்ளும் காரியத்துக்குக் குறிப்பறிதல் என்ற பெயரைச் சூட்டுவது வள்ளுவருக்குச் செய்யும் அபசாரம்.

மௌனத்தைச் சம்மதமாக்கக்கூடாது என்ற நியாயம் நவீன சட்டத்தில் பிரசித்தமாக நிலைபெற்றது ஒரு குதிரையின் விஷயத்தில் என்பது வேடிக்கையான செய்தி. இங்கிலாந்தில் ஃபெல்ட்ஹவுஸ் என்ற ஒருவர் தம் சகோதரர் மகனிடமிருந்து ஒரு குதிரையை வாங்க விரும்பினார். விலை முப்பது பவுண்டு என்று அவர் நினைத்திருந்தார். அதைவிடச் சற்றுக் கூடிய முப்பது கினி என்று பையன் நினைத்திருந்தான். வித்தியாசத்தைப் பாதியாகப் பிரித்து, முப்பது பவுண்டு பதினைந்து ஷில்லிங் என்று பெரியவர் கடிதம் எழுதி, உன்னிடமிருந்து மறுமொழி வராவிட்டால் குதிரை என்னுடையது என்று வைத்துக்கொள்வேன் என்ற கருத்தில் முடித்தார். பையன் பதில் எழுதவில்லை. ஆனால் தன் கால்நடைகளை ஏலத்துக்கு விட்டபோது, அந்தக் குதிரையை மட்டும் விட்டுவிடும்படி ஏலக்காரரிடம் சொல்லிவைத்தான். ஏலக்காரர் மறந்துபோய் அதையும் விற்றுவிட்டார். பெரியவர் ஏலக்காரர்மேல் வழக்காடினார். விற்கவேண்டும் என்ற எண்ணம் பையனுடைய மனத்தில் இருந்தது என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அதை அவன் பெரியவருக்குச் சொல்லவில்லையாதலால் ஒப்பந்தம் ஏற்படவில்லை என்று 1862-இல் தீர்ப்பளித்தார்கள். பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று ஒருவர் தாமாகவே நிபந்தனை விதித்து, மற்றவர்மேல் பேசும் கடமையைச் சுமத்த முடியாது என்பது அதன் சாரம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1872-இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வதே சம்மதம் என்று அது இலக்கணம் வகுத்தது. பலாத்காரம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழையான எண்ணம் என்ற ஐந்தும் இல்லாதபோதுதான் அது சுயேச்சையான சம்மதம் என்றது. இவற்றில் இரண்டாவதாகிய தகாத செல்வாக்கு என்பதை நம் குடும்பங்களை நேரில் பார்த்தே எழுதினார்களோ என்று தோன்றும். ஒருவருடைய மனத்தை அடக்கியாளக்கூடிய நிலையில் இருப்பவர் அந்த நிலையைக் கொண்டு நியாயமற்ற அனுகூலம் பெறுவது என்று அதற்கு விளக்கம். சட்டத்தின்படி மைனருக்குச் சம்மதிக்கும் தகுதியே கிடையாது; மைனர் எழுதிக்கொடுத்த அடமானம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று அன்றைய இறுதி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில் 1903-இல் அறுதியிட்டது. ஆக, பத்து வயதுச் சிறுமி தன் பெயரில் உள்ள ஒரு குழி நிலத்தை விற்க முடியாது; ஆனால் அன்று அவளையே கன்னிகாதானமாகக் கொடுக்க முடிந்தது, அதற்கு அவளைக் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. குதிரைக்குக் கிடைத்த நியாயம் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அதைக் கேட்டவள் ருக்மாபாய். பதினோரு வயதில் பம்பாயில் தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணம் செய்துவைக்கப்பட்டு, தாய்வீட்டிலேயே வளர்ந்து, படித்து, கணவர் வீட்டுக்குப் போக விரும்பாதிருந்த அந்தப் பெண்ணின்மீது 1884-இல் அவர் தாம்பத்திய உரிமை கோரி வழக்குத் தொடுத்தார். விவரமறியாத குழந்தைப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டவளை, வளர்ந்தபின் அவளுடைய விருப்பத்துக்கு விரோதமாக ஒருவரிடம் ஒப்படைக்க முடியாது என்று நீதிபதி பின்ஹே மறு ஆண்டில் கூறினார். அப்பீலில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. 1887-இல் கணவரிடம் போ, இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று உத்தரவாயிற்று. சிறைக்கே போகிறேன் என்றாள் அவள். மறு ஆண்டில் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி வழக்கைக் கைவிட்டார். ருக்மாபாய் லண்டனில் வைத்தியம் கற்றுத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் டாக்டராக நீண்டகாலம் பணியாற்றி, 1955 வரை வாழ்ந்தார். அவர் மறுத்ததைவிட, மறுப்பதை நாட்டுக்குக் கேட்கும்படி மறுத்ததே அன்றைய பெரியோர்களை அதிகமாகப் புண்படுத்திற்று என்று அக்காலத்து விவாதங்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வந்தது சம்மத வயது மசோதா. கல்கத்தாவில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னைவிடப் பல மடங்கு மூத்த கணவனின் வன்மையால் உயிரிழந்ததன் பின்விளைவாக, தண்டனைச் சட்டத்தில் 1860 முதல் பத்தாக இருந்த சம்மத வயதைப் பன்னிரண்டாக உயர்த்த 1891-இல் அரசாங்கம் முனைந்தது. அந்நிய அரசாங்கம் நம் சமய ஆசாரத்தில் கைவைக்கலாகாது என்று திலகர் கேசரி பத்திரிகையில் கடுமையாக எதிர்த்தார். சுயராஜ்யத்தைப் பிறப்புரிமையாகக் கண்ட அந்த மகாபுருஷருக்கு, வீட்டுக்குள் இருந்த சிறுமியின் சுயராஜ்யம் கண்ணில் படவில்லை என்பதை மரியாதைக் குறைவில்லாமலேயே சொல்லவேண்டியிருக்கிறது. ஆனால் மசோதாவை ஆதரித்தவர்களும் அதன் பெயரிலிருந்த விநோதத்தைப் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. சம்மத வயது என்றார்கள். அந்த வயதை எட்டிய பெண்ணிடம் யார் எப்போது சம்மதம் கேட்பார் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் கேட்கப்படாமலே சம்மதித்தவள் ஆகிவிடுவாள் என்பதுதான் நடைமுறைப் பொருள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சுவையான மறுபக்கம் உண்டு. 1920-களின் இறுதியிலிருந்து சுயமரியாதை இயக்கத்தார் புரோகிதரும் அக்கினியும் இன்றி, வயது வந்த ஆணும் பெண்ணும் சபை நடுவில் எழுந்து, இவரை நான் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லும் திருமணங்களை நடத்தி வந்தார்கள். சம்மதம் என்பது அதன் முழு அர்த்தத்தில் உச்சரிக்கப்பட்ட அந்தத் திருமணம், ஹோமமும் சப்தபதியும் இல்லாமையால் திருமணமே ஆகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் தீர்ப்புச் சொல்லிற்று. பேசத் தெரியாத குழந்தைக்கு மந்திரம் ஓதி நடந்தது விவாகம். பேசிச் சம்மதித்த இருவருக்கு மந்திரம் இல்லாததால் விவாகம் இல்லை! 1967-இல் அண்ணாதுரை அமைச்சரவை இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, இருவருக்கும் புரியும் மொழியில் செய்யும் அந்தப் பிரகடனத்தையே திருமணத்துக்குப் போதுமானதாக்கிற்று. கத்தோலிக்க சபையில் இது புதிதன்று; மணமக்கள் இருவரும் வெளிப்படுத்தும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்பது அச்சபையின் பழைய சட்டம். நம் கல்யாணப் பத்திரிகைகளிலோ இன்றும் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி என்ற சொற்றொடர் வாடாமல் இருக்கிறது. வயது வந்த இருவர் மனமொப்பி மணந்தால் குடும்பத்தின் சம்மதமோ ஜாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்சநீதிமன்றம் 2018-இல் ஐயத்துக்கிடமின்றிச் சொன்ன பிறகும், மகளின் சம்மதத்துக்குத் தண்டனையாக அரிவாள் எடுக்கும் தகப்பன்மார்களைப் பற்றி நாம் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மௌனம் சம்மதம் என்ற பழமொழியின் மிகக் கொடிய பிரயோகம் நீதிமன்றத்திலேயே நடந்தது. 1972-இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், ஒரு போலீஸ் நிலையத்துக்குள் பழங்குடிப் பெண் ஒருத்தியைக் காவலர் பலாத்காரம் செய்ததாக வழக்கு. அச்சத்தால் செயலற்றுப் பணிவது வேறு, சம்மதிப்பது வேறு என்று உயர்நீதிமன்றம் கண்டது. உடலில் எதிர்த்துப் போராடிய காயம் இல்லை, கூச்சலிட்டதற்கு ஆதாரம் இல்லை என்பதை ஆதாரமாகக் கொண்டு உச்சநீதிமன்றம் 1978-இல் காவலர்களை விடுதலை செய்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், நாடு கொதித்தது, 1983-இல் சட்டம் திருத்தப்பட்டு, காவலில் இருந்த பெண் நான் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ளவேண்டும் என்றாயிற்று. உடலால் எதிர்க்காமையை மட்டும் கொண்டு சம்மதம் என்று கருதலாகாது என்று சட்டத்தின் வாசகத்திலேயே எழுதப்படுவதற்கு 2013 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஊராரின் நிலத்திலும் இதே கேள்வி எழுந்தது: அதே 2013-இல் ஒடிஷாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுப்பது குறித்துப் பன்னிரண்டு கிராம சபைகளைக் கேட்டபோது பன்னிரண்டும் கூடாது என்றன. கேட்டால் என்ன விடை வரும் என்று தெரிந்திருப்பதால்தான் பல இடங்களில் கேட்பதில்லை போலும். மருத்துவமனையிலும், பரிசோதனைக்கு நோயாளி கொடுத்த சம்மதத்தை அறுவை சிகிச்சைக்குக் கொடுத்ததாக நீட்ட முடியாது. மயக்கத்தில் கிடப்பவளின் தாயாரைக் கேட்டதும் செல்லாது என்று 2008-இல் தீர்ப்பாகியிருக்கிறது.

இத்தனையும் சட்டம் கடந்த தூரம். அது கடக்காத இடம், பெரிய குற்றம் எதுவும் நடக்காத, யாரும் யாரையும் அடிக்காத, சார்பதிவாளர் அலுவலகத்துப் பெஞ்சு.

தமிழ்நாட்டில் 1989-இல் கொண்டுவந்த திருத்தத்தால், அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமான பங்கு கிடைத்தது. 2005-இல் மத்திய சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2020-இல் உச்சநீதிமன்றம் எஞ்சிய சந்தேகங்களையும் தீர்த்தது. சட்டம் இப்படி விரியவிரிய விடுதலைப் பத்திரம் என்ற சாசனத்துக்கும் கிராக்கி ஏற்பட்டது. தமக்குள்ள பாத்தியதையைச் சகோதரி சகோதரனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித்தருவதுதான் அது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையும் குறைவு. முகூர்த்த நாளில் எந்தப் பதிவு அலுவலகத்துக்குப் போனாலும் அந்தக் காட்சியைக் காணலாம். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவும் தங்கையும் காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார்கள். தம்பி காபி வாங்கிக் கொடுத்திருப்பான். அவர்களுடைய ஆதார் அட்டையின் நகல்கள் அவன் கைப்பையில் இருக்கும். பத்திர எழுத்தர் முந்திய நாளே அச்சடித்து வைத்த தாள்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, இங்கே, இங்கே என்று விரலால் காட்டுவார். எழுதிக்கொடுப்பவர் என்ற இடத்தில் அக்கா தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி முடிக்குமுன் அடுத்த தாள் திரும்பும். யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல நினைவுடன், மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்த பத்திரம் என்று அதில் தெளிவாக இருக்கும். அந்த வாக்கியத்தைப் பத்திர எழுத்தர் முப்பது ஆண்டுகளாக ஓரெழுத்து மாற்றாமல் எழுதிவருகிறார். நிலம் எத்தனை ஏக்கர், இன்றைய மதிப்பு என்ன, அதில் அக்காவின் பங்கு எவ்வளவு என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கேட்டால் தம்பியைச் சந்தேகித்ததாகும். தீபாவளிச் சீர், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் முறை, கணவன் கோபித்தால் வந்து தங்க ஒரு வீடு என்று அவள் இழக்கக்கூடியவை அனைத்தும் அந்தப் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

உள்ளே சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, நீங்கள்தானே எழுதிக்கொடுத்தது என்று கேட்பார். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அவரைக் கேட்கச் சொல்வது அவ்வளவுதான்: இந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் இவர்தானா, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா. விரும்பி எழுதிக்கொடுத்தாரா, எதை விட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்து எழுதிக்கொடுத்தாரா என்பது அவருடைய விசாரணைக்கு உட்பட்டதன்று. அக்கா தலையசைப்பாள். ரேகை வைப்பாள், காமிராவைப் பார்ப்பாள். காரியம் முடிந்தது.

மனம் நிறைந்து விட்டுக்கொடுக்கும் சகோதரிகள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நிறைய இருக்கிறார்கள், அவர்களுடைய தாராளத்தால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அவர்களையும், வேறு வழியில்லாமல் கையெழுத்திட்டவர்களையும் ஒரே தலையசைப்பு ஒன்றாக்கிவிடுகிறது என்பதே என் ஆட்சேபம். இதற்குப் புதிய தத்துவம் ஒன்றும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. அந்தப்புரத்தில் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்கள் எழுதிக்கொடுத்த சாசனங்கள் வழக்குக்கு வந்தபோது, பத்திரம் அவளுக்குப் படித்துக்காட்டப்பட்டதா, அதன் விளைவு அவளுக்கு விளங்கியதா, தனியான ஆலோசனை அவளுக்குக் கிடைத்ததா என்பதை அந்தப் பத்திரத்தால் லாபம் அடைந்தவனே நிரூபிக்கவேண்டும் என்று பிரிவி கவுன்சில் ஒரு விதியை வளர்த்துச் சென்றது. பின்னர் நம் நீதிமன்றங்கள் எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதை விரித்தன. வழக்கு வந்தபின் கேட்கும் அந்தக் கேள்விகளைப் பதிவு மேஜையிலேயே கேட்டால் என்ன? குடும்பத்துக்குள் எழுதப்படும் விடுதலைப் பத்திரம் எதுவாயினும், எழுதிக்கொடுப்பவரைச் சார்பதிவாளர் தனியே அழைத்து, அரசு வழிகாட்டி மதிப்பின்படி அவருடைய பங்கு இன்ன தொகை பெறும் என்று கணக்கிட்டுக் காட்டி, அவர் சொல்லும் விடையை அவருடைய சொல்லிலேயே குறித்துக்கொள்ளவேண்டும். வேண்டாம் என்றால், பத்திரத்தில் குறை இருக்கிறது என்று மட்டும் வெளியே சொல்லித் திருப்பிவிடலாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

அண்ணன் தம்பிகள் இதை அவமானமாகக் கருதுவார்கள். குடும்பத்தைப் பிரிக்கும் உபாயம் என்று மேடையில் பேசுவதற்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இன்று வாங்கி வைத்திருக்கும் விடுதலைப் பத்திரங்கள் பல, நாளை அந்த அக்காவின் பிள்ளைகள் வளர்ந்து, தாய்க்குப் பத்திரத்தைப் படித்துக்காட்டவேயில்லை என்று வழக்காட வரும்போது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை எந்த வக்கீலும் உறுதியாகச் சொல்லமாட்டார். தனியே கேட்டு, தொகை சொல்லி, அவள் வாயால் சொன்னதை அதிகாரி எழுதி வைத்த பத்திரத்தை அசைப்பது யாருக்கும் எளிதல்ல.